கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி: என்ர மகள் கம்பஸில தொழில்நுட்பமும் சமூகமும் பற்றி ஆராயப்போறன் எண்டு நிக்கிறாள். சொந்தக்காரர் கம்ப்யூட்டர் திருத்துற வேலையோ எண்டு கேக்கினம், எனக்கும் விளங்கேல்ல. (ஒரு தகப்பன், புதுக்குடியிருப்பு)

பதில்: ஒரு மெசின் ஊருக்குள்ள வந்தா ஊர் எப்பிடி மாறுது, ஊர்ச்சனம் அந்த மெசினை எப்பிடி மாத்துது, இந்த ரெண்டையும் சேத்துப் பாக்கிற படிப்பு ஐயா. ரெண்டாவதைத்தான் ஆக்கள் மறக்கிறது. ரொனால்ட் கிளைன், ட்ரெவர் பிஞ்ச் எண்டு ரெண்டு பேர் 1996இல அமெரிக்க நாட்டுப்புறத்துக்குக் கார் வந்த கதையை எழுதிச்சினம். முதல்ல கமக்காரர் காரை எதிர்த்தவை, குதிரையள் வெருளுது எண்டு. பிறகு அதே ஆக்கள் போர்ட் மொடல் டி காரின்ர பின்சில்லை உயத்தி, பெல்ட் கொழுவி, உடுப்புத் தோய்க்கிற மெசின் ஓட்டி, தண்ணி இறைச்சு, விறகும் அரிஞ்சிருக்கினம்.

இதை வாசிச்சா வன்னியில ஆருக்கும் சிரிப்புத்தான் வரும். 90களில பொருளாதாரத் தடை, கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை, மோட்டச்சைக்கிளைக் கொஞ்சப் பெற்றோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடேறினாப்பிறகு மண்ணெண்ணையில ஓடினம், சைக்கிளைக் கவிட்டு வைச்சுக் கையால பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோச் செய்தி கேட்டம். அவைக்கு அது வசதி, எங்களுக்கு வேற வழியில்லை. மகள் அந்த வித்தியாசத்தில தொடங்கட்டும், அந்தக் கால மெக்கானிக்மாருக்கு வயசு போகுது, இப்பவே போய்க் கதைக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: நெல்லு வெட்டுற மெசின் வந்தாப்பிறகு அருவி வெட்டுக்கு ஆக்களைக் கூப்பிடுறதில்லை. இது முன்னேற்றமோ? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: ஆருக்கு எண்டு கேளுங்கோ அக்கா. லாங்டன் வின்னர் எண்டவர் 1980இல எழுதின கட்டுரை ஒண்டில கலிபோர்னியாவில தக்காளிப்பழம் ஆயுற மெசினின்ர கதை வருது. அதைக் கண்டுபிடிச்சது பல்கலைக்கழகம். மெசின் நசிச்சுப்போடும் எண்டு தக்காளியையே கடினமாக்கி, ருசி குறைஞ்ச இனமா வளத்தினம் (எனக்கு இதுதான் பெரிய கோபம்). ஒரு மெசின் 50,000 டொலருக்கு மேல, சின்ன ஆக்களால வாங்க ஏலாது. 1960களின்ர தொடக்கத்தில 4,000 அளவில இருந்த தக்காளிச் செய்கையாளர் 1973இல 600 ஆகிட்டினம், 1970களின்ர கடைசிக்குள்ள 32,000 அளவில கூலி வேலையும் போச்சு, ஆனா விளைச்சல் கூடினது. ஆரும் சதி செய்யேல்ல, ஏற்கெனவே காசும் காணியும் உள்ள ஆக்களுக்கு வாய்ப்பா எல்லாம் அமைஞ்சுபோச்சு எண்டுறார். எங்கட வயலுக்கும் அதே கேள்விதான். மழை இருட்டிக்கொண்டு வரேக்க மெசின்காரன் முதல்ல ஆரின்ர வயலுக்குப் போறான், அருவி வெட்டின பொம்பிளையள் இப்ப எந்த வேலைக்குப் போகினம், வைக்கல் மாட்டுக்கு மிஞ்சுதோ எண்டெல்லாம் பாக்கோணும். முதுகு முறிய வெட்டின ஆக்களிட்டக் கேட்டா மெசின் வேண்டாமெண்டு ஒருத்தரும் சொல்லாயினம், அதையும் எழுதத்தான் வேணும்.

கேள்வி: நான் ஏ.எல். கலைப்பிரிவு, இந்தத் தொழில்நுட்பமும் சமூகமும் எண்ட படிப்பைப் படிக்க ஏலுமோ? (மாணவன், மாங்குளம்)

பதில்: ஓம் தம்பி. இந்தத் துறையில பேர்போன புருனோ லத்தூர் படிச்சது தத்துவம், ஆனா கலிபோர்னியாவில சால்க் ஆய்வுகூடத்துக்குள்ள போயிருந்து விஞ்ஞானிகள் நாள் முழுக்க என்ன செய்யினம் எண்டு பாத்து, 1979இல ஸ்டீவ் வுல்கரோட சேந்து புத்தகமே எழுதினவர். மெசினுக்குள்ள என்ன கிடக்கு எண்டு கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கோணும், கிளிநொச்சி அறிவியல்நகரில எஞ்சினியரிங் படிக்கிற பெடியள் ரெண்டு பேரைச் சிநேகிதம் பிடியும்.