சோற்றுக் கணக்கு

கேள்வி: மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்கிறீர்களே, கொலைகாரனுக்கு ஆயுள் முழுக்க நம் வரிப்பணத்தில் சோறு போடுவதா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: கொலை, தண்டனை, நீதி எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் சோற்றில் வந்து நின்றீர்கள் பாருங்கள், அங்கேதான் நீங்கள் நம்மவர்!

ஆயுள் கைதி சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று யார் சொன்னது? வேலூர் மத்திய சிறையில் போலீஸ்காரர்களுக்கே ஷூ தைக்கிறார்கள். புழலில் பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள்; உங்களுக்குப் பக்கத்தில் கோவையிலும் உண்டு. நான் அங்கேதான் போடச் சொல்வேன். மற்ற பங்க்குகளில் மீட்டரில் சைபரைக் காட்டிவிட்டு நம்மைப் பேச்சில் இழுப்பவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை புலம்பியிருக்கிறேன். சிறை பங்க்கில் அந்தக் கவலை கிடையாது. அளவில் கைவைத்தால் அவர்களை எங்கே கொண்டுபோய் அடைப்பது? ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள்.

சரி, தூக்குக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்ற வழக்கு. கொலையில் மூன்று பேருக்குச் சம பங்கு. பிலிபித் செஷன்ஸ் நீதிமன்றம் 1975-ல் மூவருக்கும் தூக்கு விதித்தது. ஒருவரின் மேல்முறையீட்டு மனுவை உச்ச நீதிமன்றத்தில் ஓர் அமர்வு 1976-ல் தள்ளுபடி செய்தது. இன்னொருவரின் மனு வேறு அமர்வுக்குப் போனது. 1977-ல் ஆயுளாகக் குறைந்தது. முதலாமவரை 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிட்டார்கள். மூன்றாமவருக்கும் அதே நாள்தான் குறித்திருந்தது. கடைசி நேரத்தில் ரிட் மனு போட்டுத் தடை வாங்கினார். அப்போதுதான் மூன்று கோப்புகளும் ஒன்றாகக் கண்ணில் பட்டன. இவருக்காவது தண்டனையைக் குறையுங்கள் என்று ஜனாதிபதிக்குச் சிபாரிசு செய்தது நீதிமன்றம். தூக்கில் தொங்கியவருக்கு யார் சிபாரிசு செய்வது? அவர் மனுவைத் தள்ளுபடி செய்த மூன்று நீதிபதிகளில் ஒருவர், மரண தண்டனையை எதிர்த்து முழங்கிய வி.ஆர்.கிருஷ்ணய்யர்!

எனக்கொரு நண்பர். கோர்ட் என்றாலே எரிந்து விழுவார். ஒரு வாய்க்கால் தகராறைக்கூட நியாயமாகத் தீர்க்கத் துப்பில்லாதவர்கள் என்பார். அதே வாயால், டிவியைப் பார்த்துவிட்டு 'இவனையெல்லாம் உடனே தூக்கில் போட வேண்டும்' என்பார். வாய்க்காலில் தப்பு செய்யும் கோர்ட் கழுத்து விஷயத்தில் மட்டும் தப்பே செய்யாதா என்று கேட்டேன். ஒரு மாதம் பேசவில்லை. அந்த வாய்க்கால் வழக்கில் தப்பு யார் பேரில் என்பது வேறு கதை. ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது.