போனோடு ஒட்டுது, லப்டொப்போடு ஒட்டுதில்லை: இயர்பட்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணை, நான் அறிவியல் நகரில பொறியியல் பீடத்தில படிக்கிறன், வீடு மல்லாவி. போன மாதம் கிளிநொச்சி ரவுணில ஒரு இயர்பட்ஸ் வாங்கினனான். போனில நல்லாய்ப் பாடுது. லப்டொப்பில தேடினா பேரே வருதில்லை. ஒருக்கா வந்தது, அமத்தின உடன கனெக்ட் ஆகேலாது எண்டு சொல்லிப்போட்டுது. லப்டொப் கொழும்பில எடுத்த பழசு, விண்டோஸ் 11. கடையில காட்டினா "சிப் போட்டுது, வேற எடுங்கோ" எண்டினம். வேற எடுக்கத்தான் வேணுமோ?

பதில்: வேண்டாம் தங்கச்சி. சிப் போயிருந்தால் போனிலும் பாடியிராது. காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே உள்ளதைச் செய்து பாருங்கள்.

முதல் சந்தேகம் உங்கள் போனில்தான். மாலையானால் மாடு தன் பட்டிக்குப் போவதுபோல, மூடியைத் திறந்தவுடன் இயர்பட்ஸ் கடைசியாகச் சேர்ந்திருந்த போனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். போன் பையில் கிடந்தாலும், அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தாலும் இதே கதைதான். புளூடூத் பத்து மீற்றர் தூரத்துக்குச் சாதாரணமாக எட்டும். போனோடு ஒட்டியபின் அது லப்டொப்பின் கண்ணுக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் இரண்டு கருவியோடு சேரும் வசதி விலை கூடியவற்றில்தான் அதிகம். எனவே போனில் புளூடூத்தை நிற்பாட்டுங்கள். வீட்டில் தம்பியின் போனிலும் இதைப் போட்டுக் கேட்டிருந்தால் அதிலும் நிற்பாட்டுங்கள்.

அடுத்தது பெயரிங் நிலை, அதாவது புதிய கருவியோடு சேர இயர்பட்ஸ் தயாராக நிற்கும் நிலை. மூடியைத் திறந்தால் மட்டும் போதாது. பெட்டியில் பட்டன் இருந்தால், இரண்டு பட்ஸும் உள்ளே இருக்க, மூடி திறந்திருக்க, லைட் விட்டு விட்டு மின்னும்வரை அதை அமத்திப் பிடியுங்கள். பட்டன் இல்லாதவற்றில் இரண்டு பட்ஸின் தொடுபகுதியையும் அமத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். எத்தனை விநாடி என்பது மொடலுக்கு மொடல் வேறு, பெட்டியோடு வந்த துண்டுக் கடதாசியில் இருக்கும். எறிந்துவிட்டீர்களென்றால் மொடல் இலக்கத்தைப் போட்டு யூரியூப்பில் தேடுங்கள்.

லைட் மின்னிக்கொண்டிருக்கும்போதே லப்டொப்புக்கு வாருங்கள். செட்டிங்ஸில் புளூடூத் அன்ட் டிவைசஸ் பகுதியில் இயர்பட்ஸின் பழைய பெயர் கிடந்தால் ரிமூவ் டிவைஸ் கொடுத்து முதலில் அழித்துவிடுங்கள். ஒருக்கால் வந்து பின் மறுத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அரைகுறையாய்ப் பதிந்த அந்தப் பெயர்தான் இன்னும் உள்ளே கிடந்து குழப்புகிறது என்று நினைக்கிறேன். அழித்துவிட்டு அட் டிவைஸ் கொடுத்துத் தேடுங்கள். அப்போதும் பெயர் வராவிட்டால், அதே செட்டிங்ஸில் டிவைசஸ் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் புளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி என்று ஒன்று இருக்கும். அது டிபோல்ட்டில் இருந்தால் விண்டோஸ் சில கருவிகளைக் காட்டாமல் வடிகட்டிவிடும். அட்வான்ஸ்ட் என்று மாற்றினால் எல்லாம் வரும்.

இவ்வளவுக்கும் மசியவில்லையென்றால் பழுது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சினேகிதியின் லப்டொப்பில் உங்கள் இயர்பட்ஸைப் போட்டுப் பாருங்கள். உங்கள் லப்டொப்பில் வேறு ஒரு புளூடூத் ஸ்பீக்கரைப் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் சேர்ந்தால் லப்டொப் சுகமாக இருக்கிறது. அதுவும் சேராவிட்டால் இயர்பட்ஸைக் குறைசொல்லிப் பயனில்லை. உங்கள் கடைக்காரர் இந்தச் சோதனையைச் செய்யாமலே சிப்பைச் சொல்லியிருக்கிறார். விற்கிறவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது!

லப்டொப் பக்கம் என்று வந்தால், டிவைஸ் மனேஜரில் புளூடூத் என்ற வரியே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதனுள் உள்ள அடப்டரை அன்இன்ஸ்ரோல் செய்து, ஷிவ்ற் விசையை அமத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். சாதாரண ஷட்டவுனில் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், இப்படிச் செய்தால்தான் முழுதாக அணையும். திரும்பப் போட்டதும் ட்ரைவரை, அதாவது அடப்டரை இயக்கும் மென்பொருளை, விண்டோஸ் தானே ஏற்றிக்கொள்ளும். ஏற்றாவிட்டால் லப்டொப் தயாரித்த கம்பனியின் தளத்தில் மொடல் இலக்கத்தைக் கொடுத்து இறக்குங்கள். கண்ட கண்ட "ட்ரைவர் அப்டேற்றர்" மென்பொருள்களை இறக்கி வைரஸை விலைக்கு வாங்க வேண்டாம்.

அந்த வரியே இல்லாவிட்டால், பழைய லப்டொப் என்றபடியால் இன்னொன்றையும் பாருங்கள். கொழும்பில் விற்கும் பாவித்த லப்டொப்களில் கணிசமானவை வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து கழித்தவை. சில நிறுவனங்கள் பாதுகாப்புக்காகப் புளூடூத்தைப் பயோஸிலேயே, அதாவது விண்டோஸ் தொடங்குமுன் ஓடும் அடிப்படை மென்பொருளிலேயே, பூட்டிவைப்பதுண்டு. லெனோவோவின் திங்க்பாட் லப்டொப் என்றால் பயோஸில் செக்யூரிட்டி பகுதியில் ஐஓ போர்ட் அக்சஸ் என்ற இடத்தில் புளூடூத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பாஸ்வேர்ட் கேட்டால் விற்றவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: நெடுங்கேணியில் இருந்து எழுதுறன். இயர்பட்ஸ் லப்டொப்போட சேருது, பாட்டும் நல்லாய்க் கேக்குது. சூமில வகுப்புத் தொடங்கினா மட்டும் ரீச்சரின்ர குரல் பழைய ரேடியோ மாதிரிக் கரகரக்குது. நெட் பிரச்சினையோ?

பதில்: நெட் இல்லை. புளூடூத்தில் பாட்டுக் கேட்க ஒரு வழி, கதைக்க இன்னொரு வழி. கேட்கும் வழியில் தரமான ஸ்டீரியோ ஒலி வரும், மைக் வேலை செய்யாது. சூம் இயர்பட்ஸின் மைக்கைக் கேட்டவுடன் விண்டோஸ் கதைக்கும் வழிக்கு மாறிவிடும். அதில் மைக்கும் ஒலியும் ஒரே ஒடுங்கிய பாதையைப் பங்குபோடுவதால் ஒலி மோனோவாகித் தரம் விழும். பழைய விண்டோஸில் ஒரே இயர்பட்ஸ் ஸ்டீரியோ என்றும் ஹான்ட்ஸ்ஃப்ரீ என்றும் இரண்டு பெயரில் தெரிவது இதனால்தான்.

மருந்து சுலபம். சூமில் ஓடியோ செட்டிங்ஸுக்குப் போய் ஸ்பீக்கரை இயர்பட்ஸாக விட்டுவிட்டு, மைக்கை மட்டும் லப்டொப்பின் சொந்த மைக்குக்கு மாற்றுங்கள். குரல் அடுத்த விநாடியே தெளிந்துவிடும். முற்றத்தில் கோழியும் உழவு மெசினும் சத்தம்போட்டால் லப்டொப் மைக் அதையும் சேர்த்துப் பிடிக்கும், ஆகவே கதைக்காத நேரம் மியூட்டில் இருங்கள்.

கேள்வி: புதுக்குடியிருப்பில எங்கட வீட்டு டெஸ்க்டொப்பில புளூடூத் எண்ட பட்டனே இல்லை. அதுக்கு வேற இயர்பட்ஸ் வாங்க வேணுமோ?

பதில்: இயர்பட்ஸை மாற்ற வேண்டியதில்லை. டெஸ்க்டொப்கள் பலவற்றில் புளூடூத் கிடையாது. யூஎஸ்பியில் செருகும் சின்ன டொங்கிள் ஒன்று போதும், இயர்பட்ஸின் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. டொங்கிள் பெட்டியில் புளூடூத் பதிப்பு 5.0 என்றும் இயர்பட்ஸ் பெட்டியில் 5.3 என்றும் போட்டிருந்தால் பயப்படாதீர்கள். புதியது பழையதோடு சேரும்.

செருகும் இடம்தான் முக்கியம். நீல நிற யூஎஸ்பி 3 ஓட்டையிலும் அதற்குப் பக்கத்திலும் செருக வேண்டாம். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது கசியும் அலை, புளூடூத் பாவிக்கும் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையையே குழப்பும். பென் ட்ரைவில் படம் பிரதிபண்ணும் நேரம் பாட்டு வெட்டி வெட்டி வருவது அதனால்தான். டெஸ்க்டொப் பெட்டியின் முன்பக்கத்துக் கறுப்பு ஓட்டையில் செருகுங்கள்.

கேள்வி: இடது பக்கம் மட்டும்தான் கேக்குது. வலது பக்கம் செத்துப்போச்சு. நான் ஒட்டுசுட்டானில இருந்து நாளாந்தம் மோட்டச்சைக்கிளில முல்லைத்தீவுக்கு வேலைக்குப் போறனான், வழி நெடுகப் பாட்டுத்தான்.

பதில்: ஓடும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு போவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்க வேண்டும் தம்பி.

வலது பட் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது என்றுதான் படுகிறது. அதன் அடியில் பொட்டுப்போல இரண்டு மூன்று உலோகப் புள்ளிகள் இருக்கும். கிரவல் றோட்டுப் புழுதியும் வியர்வையும் காதுக் குறும்பியும் சேர்ந்து அவற்றில் படலமாகப் படிந்தால் பெட்டியில் வைத்தாலும் சார்ஜ் ஏறாது. பஞ்சுக் குச்சியில் துளி ஸ்பிரிட் தொட்டு, அந்தப் புள்ளிகளையும் பெட்டியின் குழிக்குள் நிற்கும் ஊசிகளையும் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம், சட்டைப்பின் கொண்டு சுரண்டவும் வேண்டாம். பிறகு ஒரு மணித்தியாலம் சார்ஜில் வைத்துவிட்டு, முதல் பதிலில் சொன்னபடி பழைய பெயரை அழித்து இரண்டையும் சேர்த்துப் புதிதாகப் பதியுங்கள்.

பெட்டியே சார்ஜ் ஏறவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள். மலிவான பெட்டிகள் சிலவற்றில், இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளுக்குத் தேவையான சின்ன ரெசிஸ்டர்களைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். புதிய வேகச் சார்ஜரில் செருகினால் லைட்டே எரியாது. ஒரு முனை பழைய பெரிய யூஎஸ்பியான கேபிளில் போட்டால் ஏறும்.

கேள்வி: முள்ளியவளையில இருந்து. ஆறு மாத வொரன்டி எண்டு சொல்லித் தந்தவை. ஆறு கிழமையில ஒரு பக்கம் நிண்டுபோச்சு. இப்ப "இயர்பட்ஸுக்கு வொரன்டி இல்லை" எண்டு கடையில கையை விரிக்கினம். பில்லில வொரன்டி எண்டு எழுதியிருக்கு.

பதில்: எழுதித் தந்ததை வாயால் மறுக்க முடியாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, கொடுத்த உத்தரவாதத்தை நிறைவேற்றாத முறைப்பாடுகளை விசாரிக்கும். ஆனால் பொருளை வாங்கிய நாளில் இருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, கடைக்காரர் "வெள்ளிக்கிழமை வாங்கோ, திங்கள் வாங்கோ" என்று இழுத்தால் அந்த நாள்தான் கரையும். முதலில் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கமான 1977 க்கு எடுத்துக் கேளுங்கள். கடையில் நின்றுகொண்டே அந்த எண்ணை அழுத்துவதில் தப்பில்லை. சில இடங்களில் அழைப்பு முடியுமுன்னரே வேறு பட்ஸ் வந்துவிடும்.

பில் இல்லாதவர்களுக்கும் ஒரு சொல். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. வெப்பத்தில் அச்சாகும் வழுவழுப்பான பில் எங்கள் வெயிலுக்குச் சில மாதங்களில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். முறைப்பாட்டோடு மூலப் பில்லைக் கொடுக்காமல் போட்டோப் பிரதியைக் கொடுங்கள்.