ஏந்தல் என்பது ஊரா, கண்மாயா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பரமக்குடிக்குப் பக்கம். ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கிய பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தின் படம் ஒன்று நண்பர் மூலம் கிடைத்தது. ஊருக்கு மேற்கே 'யெந்தல்' என்று முடியும் ஒரு பெயர் அதில் இருக்கிறது. இன்று அங்கே வெறும் வேலிக்கருவைக் காடு. பெரியவர்களைக் கேட்டால் "அங்க ஊரே இருந்ததில்லை" என்கிறார்கள். யாரை நம்புவது? ஊர் வரலாறு எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வரைபடம், பெரியவர்கள் இரண்டுமே சரியாக இருக்கலாம். 'யெந்தல்' என்று வரைபடத்தில் இருப்பது ஏந்தல்தான். உங்கள் பக்கத்தில் ஏந்தல் என்றால் சிறு கண்மாய். அதை ஒட்டிக் குடியேறிய ஊருக்கும் அதே பெயர் வந்துவிடும். அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பெயருக்கு அருகே வீடுகளைக் குறிக்கும் சிறு கட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பெரும்பாலும் கண்மாயின் பெயர். இருந்தால், ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள்.

அப்புறம், தாளின் ஓரத்தைப் படியுங்கள். அச்சிட்ட ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு. நமக்கு வேண்டியது அளந்த ஆண்டு. மறுபதிப்பில் சாலையை மட்டும் திருத்திவிட்டு, மற்றதை அப்படியே விட்டிருப்பதும் உண்டு. சர்வே துறை தன் தாள்களுக்கு எண்ணும் எழுத்தும் வைத்திருக்கிறது. உங்கள் ஊர் வரும் 58 கே தொகுதிக்குக் கிழக்கே உள்ள 58 ஓ-வின் பழைய தாள்களில் தனுஷ்கோடி வரை ரயில் பாதை ஓடும். 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய நிலம் அது. அந்தப் பாதையைத் தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

ஊர் வரலாற்றைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. வீடும் சாலையும் மாறிக்கொண்டே இருக்கும். வில்லாக வளைந்த கண்மாய்க் கரை அவ்வளவு சுலபத்தில் மாறாது. ஒரு கண்மாய் நிறைந்தால் உபரி நீர் கலுங்கு என்ற வழிந்தோடும் மதகு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. வரைபடத்தில் அந்த நீலக் கோடுகளைப் பென்சிலால் தொடர்ந்து போங்கள். உங்கள் ஊருக்குத் தண்ணீர் எந்த ஊரைத் தாண்டி வந்தது, உங்களிடமிருந்து எந்த ஊருக்குப் போனது என்று தெரியும். பழைய தண்ணீர்த் தகராறு, கலுங்கு உயரத்துக்காக நடந்த வழக்கு, கொண்டு கொடுத்த சம்பந்தம் எல்லாவற்றையும் விசாரிக்க அந்த ஊர்களுக்குத்தான் போக வேண்டும். ஒரே தாள் இரு பக்கமும் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நிலத்தைக் காட்டுவதால் சங்கிலியின் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். அந்த ஏந்தலும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியா, அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்கால் எங்கே அடைபட்டது என்று பாருங்கள்.

கூகுள் எர்த்தில் தாளை மேலே போர்த்திப் பார்க்கலாம். சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தால் பயப்படாதீர்கள். அன்று பூமியின் வடிவத்துக்கு வைத்துக்கொண்ட கணக்கு வேறு. கரையின் முனை, பழைய கோயில், ரயில் பாதை என்று அசையாத மூன்று நான்கு இடங்களை வைத்துப் பொருத்துங்கள்.

கூடவே வருவாய்த்துறையின் பழைய பதிவேடுகளையும் தேடுங்கள். ஆளில்லாமல் போன கிராமத்தை அவற்றில் 'பேச்சிராக்' என்று எழுதியிருப்பார்கள். விளக்கு இல்லாதது என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. உங்கள் ஏந்தல் அந்தப் பட்டியலில் இருந்தால் ஒரு கேள்வி தீர்ந்தது.

ஒன்றை மறக்காதீர்கள். தாளில் பெயர் இல்லாத குடியிருப்புகளும் உண்டு. பெரிய ஊரின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, சேரியைப் பெயரில்லாத சில கட்டங்களாக விட்டிருப்பார்கள். அங்குள்ள பெரியவர்களையும் கேட்காமல் எழுதினால் அது பாதி ஊரின் வரலாறாகத்தான் இருக்கும்.

பெரியவர்களிடம் "அங்கே ஊர் இருந்ததா?" என்று கேட்காதீர்கள். "அந்தக் காட்டுக்குள் யாருடைய குலசாமி இருக்கிறது?" என்று கேளுங்கள். ஊரைவிட்டுப் போனவர்களும் சாமியை விடுவதில்லை. மாசி சிவராத்திரிக்கு எங்கிருந்தோ வேன் பிடித்து வந்து, கருவையை வெட்டி வழி செய்து, பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி யாராவது வந்தால் அன்று நீங்களும் அங்கே இருங்கள். தாளைக் கையோடு கொண்டு போங்கள். அவர்கள் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.