தொப்பை மட்டும்தானே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 46. உயரம் 169 செ.மீ., எடை 64 கிலோ. கை, கால் எல்லாம் ஒல்லி. தொப்பை மட்டும் உண்டு, இடுப்பு 96 செ.மீ. ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 240, நல்ல கொழுப்பு 34. இதயத்துக்கு ஆபத்து, தொப்பையைக் குறையுங்கள் என்கிறார் டாக்டர். 95 கிலோ இருக்கும் என் மைத்துனருக்கோ ரிப்போர்ட் சுத்தமாக வந்திருக்கிறது. இது என்ன நியாயம்? லைப்போசக்‌ஷன் என்று கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்களே, அதைச் செய்துகொண்டால் சரியாகிவிடுமா?

பதில்: எடை மிஷின் எத்தனை கிலோ என்று சொல்லும், கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாது. 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! உங்கள் பி.எம்.ஐ.யும் 22.4தான்.

தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது. அந்தக் கிடங்கு நம்மில் பலருக்குச் சிறியது. அது நிரம்பியதும் மிச்சம் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. குடலைச் சுற்றிய கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. எளிதில் கரைந்து, கொழுப்பு அமிலங்களாகக் கல்லீரலுக்கு நேரே போய் இறங்கும். கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் அனுப்பும். அது கூடினால் நல்ல கொழுப்பு குறையும், கெட்ட கொழுப்புத் துகள்கள் பொடியாகி ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையும். உங்கள் 240-க்கும் 34-க்கும் கதை பெரும்பாலும் இதுதான்.

போதாததற்கு, இப்படிப் பெருத்த கொழுப்பு செல்கள் அழற்சியைக் கிளப்பும் பொருட்களைச் சுரக்கின்றன. ரத்தக்குழாயைக் காக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனைக் குறைத்துவிடுகின்றன. இதயத்தின் மேலும் ஒரு கொழுப்புப் படலம் உண்டு. அதற்கும் இதயத் தசைக்கும் நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது. அது தடித்து, அழற்சி கண்டால், சுரப்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்கு நேராகக் கசியும்.

லைப்போசக்‌ஷனை மறந்துவிடுங்கள். அது உறிஞ்சுவது தோலுக்கு அடியில் உள்ள சாதுக் கொழுப்பை மட்டும். 2004-லேயே அமெரிக்காவில் உடல் பருமனான 15 பெண்களுக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ எடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எதுவும் அசையவில்லை. பணத்துக்குப் பணம், வலிக்கு வலி.

குடலைச் சுற்றிய கொழுப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: உடற்பயிற்சிக்குச் சீக்கிரம் வழிவிடும், எடை இறங்காவிட்டாலும்கூட. தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடங்கள்; வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. தரையில் படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியை மட்டும் நம்ப வேண்டாம். இரவுத் தட்டில் சோற்றைப் பாதியாக்கிப் பருப்பு, முட்டை, காய்கறி கூட்டுங்கள். சர்க்கரை போட்ட டீ எத்தனை குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மதுவைப் பற்றியும் எழுதவில்லை. இரண்டுமே ட்ரைகிளிசரைடை ஏற்றும்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் டேப் வைத்து மாதம் ஒருமுறை அளவெடுங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து, வெறும் வயிற்றில் மறு பரிசோதனை, கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி-யும் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் அதுவரை காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், மைத்துனர். அவருடைய கொழுப்பு தோலுக்கு அடியிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கிடங்கும் ஒருநாள் நிரம்பும். நடக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.