திராட்சையில் மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டு: நாங்கள் செய்த தப்பும் பிறகு பிடிபட்டதும்

"பெர்ரிப் பழத் தோட்டத்தில் மருந்தடிப்பதற்குப் பதிலாக, பூச்சியைத் தின்னும் பூச்சிகளை வாங்கி விட்டால் நிஜமாகவே பலன் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்ட்ராபெர்ரி வைத்து எனக்குப் பழக்கமில்லை. தாவரவியல் கணக்கில் திராட்சையும் பெர்ரிதான். அந்தத் தைரியத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் பன்னீர் திராட்சைப் பந்தலில் பட்டதைச் சொல்கிறேன்.

பலன் உண்டு. ஆனால் முதல் தடவை நாங்களே கெடுத்துக்கொண்டோம்.

எங்களுக்குத் தலைவலி மாவுப்பூச்சி, வெள்ளை மாவு பூசினாற்போல் ஒட்டிக்கொண்டு செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. கொத்துக்குள் புகுந்துவிட்டால் பழம் பிசுபிசுக்கும், கரும்பூசணம் படியும், வியாபாரி கொத்தைத் திருப்பிப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார். மருந்தும் லேசில் பிடிக்காது. உடம்பெல்லாம் மெழுகு, போதாததற்குப் பாதிக் கூட்டம் உரிந்த பட்டைக்கு அடியில் பதுங்கியிருக்கும்.

இதைத் தின்பதற்கென்றே இருப்பது கிரிப்டோலேமஸ் வண்டு. 1898இல் காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் அது பெரிதாகச் சோபிக்கவில்லை, மாவுப்பூச்சியில்தான் வெளுத்துவாங்கியது. பொறிவண்டு இனம்தான், ஆனால் பொறி எதுவும் கிடையாது. கருத்த இறக்கை, ஆரஞ்சு நிறத் தலை, நீளம் 4 மி.மீ. இருக்கும்.

வண்டை விட்டுச் சில வாரம் கழித்துப் பார்த்தால் தண்டெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஊர்ந்தது. "மாவுப்பூச்சி பெருத்துப்போச்சுடா" என்றார் அப்பா. ஆளுக்கொரு துணியை எடுத்து நசுக்கித் தள்ளினோம். நசுக்கியது அத்தனையும் வண்டின் புழு! அதுவும் மாவுப்பூச்சி மாதிரியே மெழுகு இழையைப் போர்த்திக்கொண்டுதான் திரியும். அடையாளம் சொல்கிறேன்: மாவுப்பூச்சி 3 மி.மீ. அளவில் ஒட்டிக் கிடக்கும். புழு முற்றினால் 13 மி.மீ. வரை வளரும், இழைகள் நீளமாகக் கலைந்திருக்கும், குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று நகரும்.

அடுத்தது எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காத்து, வண்டையும் புழுவையும் விரட்டிவிடும். தண்டில் பாலிதீன் தாளைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினோம். அப்படியும் எறும்பு வந்தது. பந்தலின் கல்தூண் வழியாக ஏறுகிறது என்று புரிந்துகொள்ளவே ஒரு வாரம் போனது. பிறகு தூண்களுக்கும் தடவினோம்.

கொடிக்கு 10 வண்டு, சாயங்காலத்தில், மாவுப்பூச்சி இருக்கும் கொடியாகப் பார்த்து விடுங்கள். தீனி இல்லாத கொடியில் விட்டால் பறந்துபோய்விடும். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது விட்டுப் பிரயோஜனமில்லை. முட்டையிலிருந்து வண்டாக ஒரு மாதம் ஆகும். கவாத்து முடிந்து, பட்டையை உரித்துச் சுத்தம் செய்தபின் மாவுப்பூச்சி திரும்பத் தலைகாட்டும் நேரம்தான் தோது. அடிச்சாம்பல் என்ற பூசண நோய்க்கு மருந்தடிக்காமல் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, அதனால் அந்த மருந்தை நிறுத்தவில்லை. பூச்சிக்கொல்லியை மட்டும் அறவே நிறுத்தினோம்.

இப்போது வண்டை வீட்டிலேயே பெருக்குகிறோம். சர்க்கரைப் பூசணியில் மாவுப்பூச்சியைப் பிடிக்கவைத்து, வலைக் கூண்டுக்குள் வண்டோடு வைத்தால் போதும். போன மாதம் ஊரிலிருந்து வந்த சித்தி அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "பூசணியெல்லாம் பூத்துப்போய்க் கிடக்கே, தூக்கிப் போடலையா?" என்று கேட்டார்.