குதிரைகள் ஓடும்போது நெஞ்சு படபடத்தது, அது தப்பா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் விஸ்காம் மாணவர்கள் சேர்ந்து ஒரு திரைப்பட வட்டம் நடத்துகிறோம். போன மாதம் மௌனப் பட வரிசையில் டி.டபிள்யூ. கிரிஃபித் 1915இல் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தைப் போட்டோம். தேர்ந்தெடுத்தவன் நான்தான். படம் முடிந்ததும் பெரிய சண்டை. “டெக்னிக்கை மட்டும் பாருங்கள், கதையை விடுங்கள்” என்றான் ஒருவன். “அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்” என்றார் ஒரு சீனியர். “அடுத்த வருஷமே ‘இன்டாலரன்ஸ்’ எடுத்துப் பரிகாரம் செய்துவிட்டாரே” என்றார் இன்னொருவர். ஒரு தோழி பாதியில் எழுந்து போய்விட்டாள், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. என்னை உறுத்துவது வேறு. கடைசியில் வெள்ளை அங்கி போட்ட குதிரைப்படை பாய்ந்து வரும்போது என் நெஞ்சு படபடத்தது. சீக்கிரம் வந்து சேர வேண்டுமே என்று தவித்தேன். அவர்கள் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்ற வெள்ளை இனவெறிக் கூட்டமான கு கிளக்ஸ் கிளான் என்று தெரிந்தும் அப்படித் தவித்தேன். எனக்குள் ஏதோ கெட்டது இருக்கிறதா அக்கா? அடுத்த வாரம் இந்தப் படத்தைப் பற்றி மறுபடி கலந்துரையாடல். நான்தான் நடத்த வேண்டும்.
பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை. அந்தப் படபடப்பை உண்டாக்குவதற்கென்றே அந்தக் காட்சி எடுக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேலாகியும், வேறொரு நாட்டில், எல்லாம் தெரிந்த ஒரு மாணவனிடமும் அது பலித்திருக்கிறது. உங்கள் கூட்டத்தில் அன்று பேசியவர்களில் யாரும் தொடாத விஷயம் இதுதான். அதனால் கலந்துரையாடலை இங்கேயே தொடங்குங்கள். “எனக்கு நெஞ்சு படபடத்தது, உங்களுக்கு?” என்று கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

“டெக்னிக்கை மட்டும் பார்” என்ற நண்பருக்கு நான் சொல்வது இது. 1909இல் கிரிஃபித் ‘தி லோன்லி வில்லா’ என்று ஒரே ரீலில் ஒரு குறும்படம் எடுத்தார். தனி வீடு. உள்ளே தாயும் மகள்களும். கதவை உடைக்கும் திருடர்கள். தகவல் தெரிந்து ஓடி வரும் கணவர், நடுவழியில் பழுதாகி நிற்கும் கார். வீட்டுக்குள் ஒரு ஷாட், கதவருகே ஒரு ஷாட், சாலையில் ஒரு ஷாட் என்று மாற்றி மாற்றி வெட்டி நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவருவார். நீங்கள் வகுப்பில் படிக்கும் கிராஸ் கட்டிங் இதுதான். 1915க்கு ஆறு வருடம் முன்பே அது அவர் கையில் பழகியிருந்தது. பயோகிராஃப் நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான குறும்படங்கள் எடுத்துத் தேறியவர் அவர். நீளமான, பிரம்மாண்டமான படம் என்று பார்த்தாலும் இத்தாலியில் ‘கபிரியா’ 1914இலேயே வந்துவிட்டது. “இந்தப் படம் இல்லாவிட்டால் சினிமாவே இல்லை” என்று யாராவது சொன்னால் இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் பார்த்த கிளைமாக்ஸுக்கு வாருங்கள். அதே அமைப்புதான். பூட்டிய அறையில் லில்லியன் கிஷ் நடித்த எல்ஸி, மரக்குடிசைக்குள் சிக்கிய வெள்ளைக்காரக் குடும்பம், பாய்ந்து வரும் குதிரைகள். திருடர்கள் இருந்த இடத்தில் இப்போது கறுப்பினச் சிப்பாய்கள், காப்பாற்ற வருகிறவர் இடத்தில் கிளான். தியேட்டரில் ஆர்கெஸ்ட்ரா ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் வால்கிரி இசையை வாசித்தது. குடிசையில் அடைக்கலம் கொடுப்பவர்கள், அடிமை முறையை ஒட்டி 1861 முதல் 1865 வரை வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த பழைய வீரர்கள். நேற்றுவரை எதிரிகளான வடக்கும் தெற்கும் தங்கள் ‘ஆரிய’ (அதாவது வெள்ளை இன) ‘பிறப்புரிமையைக்’ காக்க ஒன்றுசேர்ந்தன என்று டைட்டில் கார்டு, அதாவது திரையில் எழுத்து, போடுகிறார் கிரிஃபித். படத்தின் பெயர் சொல்லும் ‘தேசம்’ அங்கேதான் பிறக்கிறது. டெக்னிக்கைத் தனியாகக் கழற்றி எடுத்துப் பார்க்க முடியாது, தம்பி. கதவுக்கு உள்ளே யார், வெளியே யார் என்று முடிவு செய்த பிறகுதான் அந்த எடிட்டிங்கே ஓடுகிறது. யோசிக்க நேரம் தராமல் வெறுப்பை நம் ரத்த ஓட்டத்தில் சேர்க்கும் வேலையை அதுதான் செய்கிறது.

படத்தில் அழகு இல்லை என்று சொல்ல மாட்டேன். போர் முடிந்து கதாநாயகன் பென் கேமரன் வீடு திரும்பும் காட்சி எனக்கு எப்போதும் தொண்டையை அடைக்கும். தோற்ற படையின் கிழிந்த சீருடையில் வருகிறார். ஏழ்மையை மறைக்கத் தங்கை பஞ்சை ஒட்டித் தன் உடுப்பை அலங்கரித்திருக்கிறாள். இருவரும் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு சிரிப்பு மெல்ல அடங்குகிறது. வாசலில் கேமரா பக்கவாட்டில் நிற்கிறது. உள்ளிருந்து அம்மாவின் கை மட்டும் நீண்டு வந்து மகனை அணைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அம்மாவின் முகத்தைக் காட்டவே இல்லை. பில்லி பிட்சர் கேமராவில் பிடித்த அந்தக் கையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த வாசலில் நிற்கும்போதே நாம் அந்தக் குடும்பத்தின் ஆட்களாகிவிடுகிறோம். அதே தங்கை பின்னால் கஸ் என்ற கறுப்பினச் சிப்பாய்க்குப் பயந்து ஓடிப் பாறையிலிருந்து குதித்துச் சாகிறாள். கஸ்ஸாக நடித்தவர் முகத்தில் கரி பூசிய வெள்ளைக்கார நடிகர் வால்டர் லாங். அண்ணன் பென் கிளானைத் திரட்டி கஸ்ஸைக் கொன்று உடலை எதிராளியின் வாசலில் வீசும்போது பார்வையாளர் தலை ஆட்ட வேண்டும், அதற்கான ஏற்பாடு அம்மாவின் கை நீண்டபோதே நடந்துவிட்டது. அழகான காட்சிகளையும் அசிங்கமான காட்சிகளையும் இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுதும் விமர்சனங்கள் எனக்கு ஒப்பாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, தென் கரோலினா சட்டமன்றக் காட்சி. இதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 1870இல் இருந்த சபை அப்படியே என்று கார்டு போட்டு, ஒரு பத்திரிகைப் புகைப்படத்தைச் சான்றாகவும் சொல்கிறார். புகைப்படத்தைப் பார்த்துக் கட்டியது மண்டபத்தைத்தான். உள்ளே கறுப்பின உறுப்பினர்கள் மேசைமேல் வெறுங்காலைத் தூக்கிப் போட்டுக் குடிப்பதும் கறி கடிப்பதும் அவர்களை இழிவுபடுத்த வரைந்த கேலிச் சித்திரங்களின் வழி வந்தவை. மண்டபம் உண்மை என்பதால் மனிதர்களும் உண்மை என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார்.

அந்தச் சபையில் நிஜமாக உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி உங்கள் கூட்டத்தில் சொல்லுங்கள். ராபர்ட் ஸ்மால்ஸ். அடிமையாகப் பிறந்தவர். 1862 மே மாதம் ஒரு விடியற்காலையில், சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தெற்குப் படையின் ‘பிளான்டர்’ கப்பலை, தன் குடும்பத்தையும் மற்ற அடிமைகளையும் ஏற்றிக்கொண்டு, கோட்டைப் பீரங்கிகளைத் தாண்டி ஓட்டிப் போய் வடக்குப் படையிடம் ஒப்படைத்தார். 1868இல் தென் கரோலினாவின் புதிய அரசியல் சாசனத்தை எழுதிய அவையில் இருந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளி வேண்டும் என்று அங்கே போராடினார். அப்புறம் மாநிலச் சட்டமன்றம், பிறகு அமெரிக்க நாடாளுமன்றம். அவர் இறந்தது 1915 பிப்ரவரி 23. அதற்கு ஐந்து நாள் முன்புதான் ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு வெள்ளை மாளிகையில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவர் உட்கார்ந்த சபையை அப்படிக் காட்டினார்கள், அடுத்த மாதம் நியூயார்க்கில் அதற்கு இரண்டு டாலர்வரை டிக்கெட் விற்றார்கள். சில காசுகளுக்கு சினிமா பார்த்த காலம் அது.

வில்சன் இந்தப் படத்தை ‘மின்னலால் எழுதிய வரலாறு’ என்று புகழ்ந்ததாக ஒரு வரி எங்கும் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு அன்றைய ஆதாரம் இல்லை. உங்கள் போஸ்டரில் அதைப் போட வேண்டாம். அவர் எழுதிய வரலாற்று நூலிலிருந்து எடுத்த வரிகள் படத்தின் கார்டுகளிலேயே இருக்கின்றன, அது போதும்.

“அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்” என்ற சீனியரிடம், “எல்லாரும் என்றால் யார்?” என்று கேளுங்கள். கறுப்பின மக்களும் அந்தக் காலத்தில்தான் வாழ்ந்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் தொடங்கிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு படத்தைத் தடை செய்யச் சொல்லி ஊர் ஊராகப் போராடியது. பாஸ்டனில் ‘கார்டியன்’ பத்திரிகை ஆசிரியர் வில்லியம் மன்றோ டிராட்டர் ட்ரெமான்ட் தியேட்டரில் எதிர்ப்பில் இறங்கிக் கைதானார். சிகாகோவின் சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ், வெள்ளைக்காரப் பெண்மணி, படம் நியூயார்க்கில் வெளியான அதே மாதம் அதைக் கண்டித்துப் பேசினார். ஓஹாயோவும் கன்சாஸும் தடை போட்டன. தடை சரியா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதே சென்சார் அதிகாரம் பின்னால் கறுப்பினக் கலைஞர்கள் மீதும் பாய்ந்தது. ஆனால் இந்தப் படம் பொய், ஆபத்தானது என்று அன்றே உரக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் ‘அந்தக் காலம்’ என்று பேசுவது நியாயமில்லை.

அவர்கள் பயந்ததும் நடந்தது. 1915 நன்றி தெரிவிக்கும் நாள் இரவில், அட்லான்டா அருகே ஸ்டோன் மவுன்டன் உச்சியில் வில்லியம் சிம்மன்ஸ் சிலுவையைக் கொளுத்தி, 1870களிலேயே ஒடுங்கிப்போயிருந்த கிளானை மறுபடி தொடங்கினார். அடுத்த மாதம் படம் அட்லான்டாவுக்கு வந்தபோது அதை ஒட்டியே ஆள் சேர்த்தார்கள். பழைய கிளானுக்குச் சிலுவை கொளுத்தும் பழக்கமே கிடையாது. தாமஸ் டிக்சனின் ‘தி கிளான்ஸ்மேன்’ நாவலிலிருந்து படத்துக்கு வந்து, படத்திலிருந்து நிஜத்துக்குப் போன வழக்கம் அது. 1920களில் கிளானில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். ஒரு படத்தால் மட்டும் அது வந்ததில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் அவர்கள் ஆள் பிடிக்கப் போட்டுக் காட்டியது இந்தப் படத்தைத்தான்.

‘இன்டாலரன்ஸ்’, அதாவது ‘சகிப்பின்மை’, பரிகாரம் இல்லை. தன் படத்தை எதிர்த்தவர்களைத்தான் சகிப்பில்லாதவர்கள் என்று கிரிஃபித் நினைத்தார். 1916இல் பேச்சுரிமை பறிபோகிறது என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார்.

சரி, அடுத்த வாரத்துக்கு வருவோம். மூன்று மணி நேரப் படத்தை மறுபடி போடாதீர்கள். முதலில் ‘தி லோன்லி வில்லா’வைப் போடுங்கள். உடனே இந்தப் படத்தின் கடைசி இருபது நிமிடம். குதிரைகளோடு நிறுத்திவிடாமல் தேர்தல் காட்சிவரை ஓடட்டும். வாக்குப் போட வீட்டைவிட்டு வரும் கறுப்பின மக்கள், வெளியே துப்பாக்கியோடு வரிசையாக நிற்கும் கிளானைப் பார்த்து உள்ளே திரும்பிவிடுகிறார்கள். கிரிஃபித்துக்கு அது சுப முடிவு. உங்கள் படபடப்பு உங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அப்போது தெரியும்.

அதன் பிறகு, அவசியம், ஆஸ்கர் மிஷோவின் ‘விதின் அவர் கேட்ஸ்’, 1920. கறுப்பின இயக்குநர். ஒரு கறுப்பினத் தம்பதியை வெள்ளைக்காரக் கும்பல் கொல்வதையும், அதே நேரம் அவர்கள் வளர்த்த பெண்ணை ஒரு வெள்ளைக்காரர் பலவந்தப்படுத்த முயல்வதையும் மாற்றி மாற்றி வெட்டிக் காட்டுகிறார். கிரிஃபித்தின் அதே டெக்னிக், காப்பாற்றக் குதிரை எதுவும் வராது. எல்லாத் திரைப்பட வகுப்பிலும் இந்த இரண்டும் சேர்ந்தே காட்டப்பட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

தோழியிடம் கலந்துரையாடலுக்கு முன்பே போய்ப் பேசுங்கள். படத்தில் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்லாமல் உட்கார வைத்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். மனிதர்களை அப்படி இழிவுபடுத்துவதை மூன்று மணி நேரம் பார்க்க முடியாது என்று எழுந்து போவதும் ஒரு பார்வையாளரின் தீர்ப்புதான். அவரைத் திரும்ப வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மிஷோ படத்தை அறிமுகப்படுத்திப் பேச விருப்பமா என்று மட்டும் கேளுங்கள். விருப்பமில்லை என்றாலும் நட்பு நட்புதான்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. மிஷோவின் படம் பல வருடம் தொலைந்து கிடந்து, ‘லா நெக்ரா’ என்ற பெயரில் ஸ்பெயினில் கிடைத்த பிரதியிலிருந்து 1993இல் மீட்கப்பட்டது. நடுவே ஒரு பகுதி இல்லை, அந்த இடத்தில் கதையைக் கார்டில் சொல்லிவிடுவார்கள். பிரதி கெட்டுவிட்டது என்று நினைத்து யாரும் நிறுத்திவிடாமல் இருக்க, புரொஜெக்டர் பக்கத்தில் உட்காருபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
அக்கா