உலகம் நின்றுபோகும் கதைகள்

வணக்கம் சார்,

இதை யாரிடமும் சொன்னதில்லை. 2021 மே மாதம், இரண்டாவது அலையில் என் அப்பா போய்விட்டார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசியாக முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை லாகின் செய்து வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து, கொள்ளைநோயில் உலகம் அழியும் ஆங்கில நாவல்களாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். பதினைந்துக்கு மேல் முடித்திருப்பேன். பயமாக இல்லை, நிம்மதியாக இருக்கிறது. ஆளில்லாத ஊர், ஓடாத வண்டிகள், தவணை கேட்டு போன் செய்ய யாரும் இல்லை. நோய்க்கே அப்பாவைக் கொடுத்தவன் இதை ரசிக்கலாமா? “மனசு சரியில்லாதவங்கதான் இதையெல்லாம் படிப்பாங்க” என்கிறாள் என் மனைவி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவுக்கு என் அஞ்சலி. உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்துதான் பதில் எழுதுகிறேன். நீங்கள் நாவல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ ‘திங்கட்கிழமை லாகின் செய்து உட்கார்ந்துவிட்டேன்’ என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் தெருவே கொஞ்சம் நின்றுவிடும். வாசலில் பந்தல், பெஞ்சு. வண்டிகள் சுற்றிக்கொண்டு போகும். வீட்டில் அடுப்பு எரியாது, சாப்பாடு சொந்தக்காரர் வீட்டிலிருந்து வரும். பதினாறாம் நாள் வரை துக்கம் விசாரிக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். எப்படிப் போனார், கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டதையே கேட்டு அழ வைத்து, அப்புறம் அவர்களே காப்பியும் குடிக்க வைப்பார்கள். அந்த மே மாதத்தில் போனவர்களின் வீட்டாருக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. உறையில் சுற்றிய உடல், சுடுகாட்டில் காத்திருப்பு, தள்ளி நின்று ஒரு கும்பிடு. உங்கள் அப்பாவுக்காக உலகம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இந்த நாவல்களில் அது நிற்கிறது. திங்கட்கிழமை வருகிறது, யாரும் வேலைக்குப் போவதில்லை. நீங்கள் அதைத் தேடித்தான் அங்கே போகிறீர்கள் என்று நினைக்கிறேன். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தவணை விஷயத்துக்கும் வருகிறேன். பிரிட்டிஷ் எழுத்தாளர் பிரையன் ஆல்டிஸ் 1973-ல் இந்த வகைக் கதைகளில் ஒரு பகுதிக்குச் ‘சொகுசுப் பேரழிவு’ என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார். ஊரெல்லாம் செத்துக்கொண்டிருக்க, நாயகனுக்கு ஓசியில் நட்சத்திர ஓட்டல், எடுத்துக்கொள்ளக் கார்கள். குறை சொல்லித்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது அவ்வளவு பெரிய குறையாகத் தெரியவில்லை. இருபது வருடக் கடன் தலையில் இருப்பவன் எல்லாம் ஒரே இரவில் துடைத்துப் போவதைக் கற்பனை செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் இந்த வகையின் நல்ல நாவல்கள் அந்தச் சொகுசோடு நின்றுவிடுவதில்லை. ஜார்ஜ் ஸ்டூவர்ட் 1949-ல் எழுதிய ‘எர்த் அபைட்ஸ்’ உங்கள் பட்டியலில் இருக்கும் என்று நம்புகிறேன். அவர் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். கதையும் அங்கேதான் நடக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் இஷ் என்ற இளைஞனுக்கு, தான் இல்லாத நாட்களில் மனிதகுலமே ஏறக்குறைய முடிந்துபோனது தெரிகிறது. ஸ்டூவர்ட் அதற்கப்புறம் அவசரமே படுவதில்லை. மின்விளக்குகள் கொஞ்ச காலம் தாமாகவே எரிகின்றன, பிறகு மங்குகின்றன. எறும்புகள் பெருகுகின்றன, அடங்குகின்றன. எலிகள் பெருகுகின்றன, அவையும் அடங்குகின்றன. குழாயில் தண்ணீர் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கிறது. ஏன் வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. ஒருநாள் நின்றுவிடுகிறது.

பல்கலைக்கழக நூலகம் சேதமில்லாமல் அப்படியே நிற்கிறது. இஷ் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பார்க்கிறான். எதுவும் ஏறவில்லை. படிப்பில் ஆசை கொண்ட ஒரே மகன் ஜோயி டைபாய்டில் இறந்துபோகிறான். அதன் பிறகு இஷ் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாக ஒரு வில் செய்து தருகிறான். கடைசியில் நிலைப்பது அந்த வில்தான். பழைய நாணயங்களைத் தட்டி அம்பு முனை செய்துகொள்கிறார்கள். நானும் இதை 2020 ஊரடங்கில்தான் படித்தேன். ஜோயி இறக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு நாள் திறக்கவில்லை. ஒரு நாகரிகமே போனதற்கு வராத அழுகை, எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒரு பையனுக்காக வந்தது.

உங்கள் மனைவிக்கு ஒரு செய்தி. கோல்டன் ஸ்க்ரிவ்னர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கொரோனாவின் தொடக்கத்தில் சுமார் 300 பேரிடம் விசாரித்து, 2021-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பேரழிவுப் படங்களும் ஜோம்பி படங்களும் விரும்பிப் பார்ப்பவர்கள் அந்த நாட்களை மற்றவர்களைவிடச் சற்று நன்றாகத் தாங்கினார்கள் என்பது அதில் வந்த முடிவு. படம் பார்த்ததால்தான் அப்படி என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனால் ‘மனசு சரியில்லாதவர்கள்’ என்று ஒதுக்கவும் இடமில்லை.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. இந்த நாவல்களில் பல, சட்டமும் போலீசும் போனால் பக்கத்து வீட்டுக்காரன் மிருகமாகிவிடுவான் என்று நம்மை நம்பவைக்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1912-ல் வெளியிட்ட ‘ஸ்கார்லட் பிளேக்’ (செந்நிறக் கொள்ளைநோய்) இதில் முக்கியமானது. நோய் 2013-ல் வருகிறது. அறுபது வருடம் கழித்து, சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் ஒரு கிழட்டுப் பேராசிரியர் விலங்குத்தோல் கட்டிய பேரன்களுக்குக் கதை சொல்கிறார். ‘செவப்புன்னா செவப்புதானே, அதுக்கு எதுக்கு இன்னொரு பெருமைக்கார வார்த்தை?’ என்கிற மாதிரி ஒரு பேரன் கேட்பான். மொழி எப்படித் தேய்ந்துபோகும் என்பதை அந்த ஒரு கேள்வியிலேயே காட்டிவிடுகிறார். அருமையான இடம். ஆனால் நோய் பரவும் பகுதியில் கொள்ளை, தீவைப்பு, குடிவெறி, கொலைதான். சேரிகளில் நாம் வளர்த்த காட்டுமிராண்டிகள் நம்மீதே பாய்ந்தார்கள் என்கிறார் பேராசிரியர்.

இதே ஜாக் லண்டன், 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தபோது அங்கே போய் நேரில் பார்த்தவர். ‘கோலியர்ஸ்’ பத்திரிகைக்கு அவர் எழுதிய கட்டுரை இன்றும் கிடைக்கிறது. தீ முன்னேறி வந்த இரவு முழுக்கத் தெருவில் இருந்தும் கூச்சலையோ பீதியையோ பார்க்கவில்லை, அந்த ஊர் மக்கள் அதுவரை இல்லாத அளவுக்கு அன்பாக நடந்துகொண்டது அந்தப் பயங்கர இரவில்தான் என்று எழுதுகிறார். கண்ணால் கண்டது அது. ஆறு வருடம் கழித்துக் கற்பனையில் எழுதியது இது. நீங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

அதற்காக மக்கள் எப்போதும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதே இரவில் அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர் இரண்டு ஆஸ்பத்திரி ஊழியர்களோடு போய், தானே மண்ணை அள்ளிப் போட்டு அவரைப் புதைத்தார். நாவல்களில் முதல் காட்சி எத்தனையோ முறை வருகிறது. இரண்டாவது காட்சியை எனக்கு ஒன்றிரண்டில்தான் பார்க்கக் கிடைத்தது.

பதினைந்து முடித்திருந்தாலும் மேரி ஷெல்லியின் ‘தி லாஸ்ட் மேன்’ அதில் இருக்காது என்று தோன்றுகிறது. 1826-ல் வந்தது. நீளம், நடை பழையது, முதல் பாகத்தில் பொறுமை வேண்டும். அதை எழுதுவதற்குள் அவர் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார். 1822-ல் கணவர், கவிஞர் ஷெல்லி கடலில் மூழ்கிப் போனார். 1824 மே 14 அன்று நாட்குறிப்பில், கடைசி மனிதனின் மனதை என்னால் நன்றாகவே எழுத முடியும், எனக்கு முன்னால் என் தோழர்கள் எல்லாரும் அழிந்துபோனார்கள் என்று எழுதுகிறார். நண்பர், கவிஞர் பைரன் கிரீஸில் இறந்த செய்தி மறுநாள்தான் அவருக்குக் கிடைத்தது. நாவலில் பைரனும் ஷெல்லியும் வேறு பெயர்களில் வருகிறார்கள், அவர்களும் இறக்கிறார்கள். கொள்ளைநோய் உலகத்தையே காலி செய்த பின் மிஞ்சும் ஒரே மனிதன் ரோம் நகரத்துக்குப் போய்ச் சேருகிறான். 1819-ல் மேரியின் மூன்று வயது மகன் வில்லியம் இறந்தது அந்த ஊரில்தான்.

அதைப் படித்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் புத்தகத்தைப் பற்றி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்பா என்ன வேலை பார்த்தார், எந்தக் கடையில் டீ குடிப்பார், அந்தப் பதினோரு நாளில் போனில் என்ன பேசினார்? நான் கேட்கிறேன்.

அன்புடன்.